வெந்நீரில் போட்ட கம்பளி

சுந்தரம்,

இந்தப் பொட்டலம் கல்கத்தாவில் உன் கைக்கு வரும்போது நீ முதலில் துணியைப் பிரிப்பாயா, கடிதத்தைப் பிரிப்பாயா என்று தெரியவில்லை. துணியைப் பிரித்திருந்தால் குழம்பிப்போயிருப்பாய். கறுப்பும் பழுப்புமாய், அட்டைபோல் தடித்த, கையில்லாத ஒரு சட்டை. கூடவே பாதத்தில் சுற்றிக்கொள்ள இரண்டு நீளத் துண்டுகள். அவை எங்கிருந்து வந்தன, ஏன் உன் பையில் இல்லாமல் தனியாக வருகின்றன என்று சொல்லத்தான் எழுதுகிறேன். துரையிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து படி. நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். ரெங்கம் ஸ்டேஷனில், அத்தனை பேர் முன்னால், உன்னையும் அதே பொய்யைச் சொல்ல வைத்தேன்.

நீ கிளம்புவதற்கு முந்தைய பத்து நாட்களும் அந்தக் கித்தான் பை நம் கூடத்துக் கட்டிலில்தான் கிடந்தது. செடி சேகரிக்கும் துரை உனக்குச் சொல்லி அனுப்பியிருந்த ஒரே விதி, ஆளுக்கு ஒரு பை, அதையும் அவரவரே முதுகில் சுமக்க வேண்டும் என்பது. இரண்டு வருஷம். முதலில் பினாங்கு, ரங்கூன், கல்கத்தா. பிறகு கிழக்கே பனிமலை ஓரம். அடுத்த வருஷம் சிந்து பக்கத்து மணல்காடு. மழைக்கும் பனிக்கும் மணலுக்கும் சேர்த்து ஒரே பை. நான் படித்தவள் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு, உனக்குத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து வரும் பத்திரிகைகளில் யாத்திரைக் கட்டுரை ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. அவற்றையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பட்டியல் போட்டேன். காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை, கற்பூரம், அட்டைக்கடிக்குப் புகையிலை, ஊசி நூல், குடை, மூன்று பனியன், இரண்டு காக்கிக் கால்சட்டை, அகராதி, எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில். ஏழு தடவை அடுக்கி ஏழு தடவை கலைத்தேன். உன் அப்பா பார்த்துவிட்டு, "ஏன், அரிசி மூட்டையயும் அம்மிக்கல்லயும் விட்டுட்டியே, அதையும் வையி" என்றார். நீ சிரித்தாய். நான் கோபித்துக்கொண்டு குடையை மட்டும் வெளியே எடுத்தேன்.

குளிரைப் பற்றி நான் படித்திருக்கிறேனே ஒழிய, பட்டதில்லை. பதினாலு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். பதினாறு வயதில் இந்த ரப்பர் தோட்டத்தில் உன்னைப் பெற்றேன். இப்போது முப்பத்தைந்து. இத்தனை வருஷத்தில் என் உடம்புக்குத் தெரிந்த குளிரெல்லாம் டிசம்பர் மழையில் நனைந்துவிட்டுக் காற்றில் நிற்பதுதான். இந்தத் தோட்டத்தில் குளிரைத் தெரிந்தவள் ஒருத்திதான். செல்லாயி. இங்கே பால் வெட்ட வருவதற்கு முன்னால் கண்டிச் சீமையில், நுவரெலியா பக்கத்து மலையில், பத்து வருஷம் தேயிலை கிள்ளினவள்.

அவள் கம்பளியை எடுத்துக்கொண்டு வந்த அன்று நீ குளுவாங்குக்குப் போட்டோ பிடித்துக்கொள்ளப் போயிருந்தாய். நம் வீட்டுப் பின்படியில் வந்து நின்றாள். கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து வருகிறவர்கள் பின்படிக்குத்தான் வருவார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணி வீட்டு வழக்கம் அது. வழக்கம் என்று எழுதிவிட்டேன். அதை அப்படி வைத்திருந்தது நான்தான். உன் அப்பா ஒரு நாளும் யாரையும் பின்னால் வா என்று சொன்னதில்லை.

"கிராணியம்மா, தம்பி பனி பெய்ற ஊருக்குப் போவுதாமே. இத வச்சுக் கட்டுங்க. மேலாப்புல வைங்க, அடியில போட்டுறாதீங்க. மலையில மழையும் குளிரும் ஒண்ணாத்தான் வரும். பைய அவுத்துக் கொட்டித் தேடிக்கிட்டு இருக்க முடியாது."

"ஸ்வெட்டர் வாங்கப்போறோம் செல்லாயி" என்றேன்.

"அது நனைஞ்சா ஒட்டிக்கும்மா. இது அப்படியில்ல. தலையில போட்டா முட்டி வரைக்கும் வரும், தண்ணி மேலயே ஓடிரும். தம்பிக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க."

உனக்குத் தெரியும் என்று அவள் எதைச் சொன்னாள் என்று எனக்கும் தெரியும். உனக்கு அப்போது ஏழு வயது. டிசம்பர் மாத அடைமழையில் பால்மரக்காட்டுக்குள் வழி தவறிப்போனாய். மூன்று மணி நேரம் ஆள்விட்டுத் தேடினோம். செல்லாயிதான் உன்னை ஓடைக்கு அந்தப் பக்கம் கண்டுபிடித்து, இந்தக் கம்பளியில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் தலையிலிருந்து கால் வரை நீர் வழிந்தது. உள்ளே நீ ஈரமில்லாமல் இருந்தாய். நான் என்ன செய்தேன்? உன்னைச் சிமெண்ட் தரையில் இறக்கி வைக்கச் சொன்னேன். கம்பளியை இரண்டு விரலால் பிடித்து இழுத்து வாசல் சேற்றில் போட்டேன். உன்னை வெந்நீர் அண்டாவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் அதைச் சேற்றிலிருந்து எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். பிறகு தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் போய்விட்டாள்.

நீ குளித்துக்கொண்டே கேட்டாய்: "அவங்களும் நனைஞ்சிருக்காங்களேம்மா, அவங்களுக்கு வெந்நீர் இல்லியா?"

"அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்டா" என்றேன்.

மறு வாரம் நீ அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டாய். உன் வாயில் அடித்தேன். "பெரியம்மான்னா எனக்கு அக்கா. லயத்துல எனக்கு யாரும் அக்கா இல்ல" என்று சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளை அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவே இல்லை. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. அப்போது அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன்.

இதைவிட வெட்கமான ஒன்று இருக்கிறது, உன் அப்பாவுக்கும் தெரியாது. அதற்கு மூன்று வருஷம் கழித்து, பிறப்பால் உயர்வு தாழ்வு பார்ப்பது எவ்வளவு பெரிய மடமை என்று ஒரு பத்திரிகைக்குப் புனைபெயரில் கட்டுரை எழுதி அனுப்பினேன். போட்டார்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து என் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். படித்துப் படித்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். எழுதிய அன்றும் செல்லாயி பின்படியில் விறகு இறக்கிவிட்டுப் போனாள்.

இனி கம்பளிக்கு வருகிறேன். அவள் கொடுத்ததை நான் வாங்கி வைத்தேன். திருப்பி அனுப்பவில்லை, அதைச் சொல்லிக்கொள்ளலாம். உனக்குக் கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் அப்படியே பையில் வைக்க மனம் வரவில்லை. அடுப்புப் புகை, வேப்பெண்ணெய், பழைய மழை எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. உன் வெள்ளைச் சட்டைகளோடு அது இருக்கக் கூடாது என்று தோன்றியது. லயத்திலிருந்து எது வந்தாலும் முதலில் கொதிக்கும் நீரில் போடுவது என் கைக்குப் பழகிவிட்ட காரியம். பாத்திரம், சாக்கு, காய் கட்டி வந்த துணி எல்லாவற்றையும் அப்படித்தான் செய்திருக்கிறேன். அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, சவுக்காரம் சீவிப் போட்டு, சலவைச் சோடாவும் போட்டு, கம்பளியை உள்ளே அமுக்கினேன். ஒரு மணி நேரம் கொதித்தது. கறுப்பாகத் தண்ணீர் இறங்கியது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன். பிறகு கல்லில் போட்டு அடித்தேன். நாம் துவைப்பதெல்லாம் பருத்தி. அதற்கு இதுதான் முறை. கம்பளியை எப்படித் துவைப்பது என்று எந்த யாத்திரைக் கட்டுரையிலும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் கொடியிலிருந்து எடுத்தபோது பாதியாகியிருந்தது. தலையில் போட்டால் முட்டி வரை வரும் என்று அவள் சொன்ன கம்பளி என் இடுப்புக்குக்கூட எட்டவில்லை. பலகைபோல் விறைத்து நின்றது. இழுத்துப் பார்த்தேன், நனைத்து இழுத்துப் பார்த்தேன், ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டிக்கூட இழுத்தேன். பிறகு விறகுக் கொட்டகையில் சாக்குகளுக்குப் பின்னால் சொருகிவிட்டேன்.

அன்று நீ கேட்டாய், "செல்லாயி கம்பளி குடுத்தாங்களாமே, வச்சிட்டீங்களாம்மா?" பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு உன் வாயில் அவள் பெயரைக் கேட்டேன். "வச்சாச்சு" என்றேன். "மேலயா?" "மேலதான்." நீ திறந்து பார்க்கவில்லை. நான் அடுக்கியதை நீ ஒருபோதும் கலைத்துப் பார்த்ததில்லை. அந்த இடத்தில் நான் வைத்தது, பெரிய மனிதர்கள் வீட்டுக்குப் போனால் உடுத்திக்கொள்ளட்டும் என்று வாங்கிய பட்டுக்கரை வேட்டி. மற்றவர்கள் உன்னைத் தோட்டத்து ஆள் என்று நினைத்துவிடக் கூடாது என்பது என் கவலை. பனிமலையில் உன்னைப் பார்க்கப்போகிறவர்கள் யார் என்று நான் யோசிக்கவில்லை.

ஸ்டேஷனில் நடந்தது உனக்கே தெரியும், ஆனாலும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வண்டி நகரத் தொடங்கும் நேரம், சரக்குக் கொட்டகைப் பக்கத்து வேலிக்கு வெளியே செல்லாயி நின்றிருந்தாள். வெட்டு முடிந்து நேரே ஓடி வந்திருக்கிறாள். பால் வாளி இன்னும் கையில் இருந்தது.

"தம்பி! கம்பளி மேலாப்புல இருக்கா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன். நீ பையின் மேல் பக்கத்தைத் தட்டிக் காட்டி, ஸ்டேஷனே கேட்கும்படி கத்தினாய்: "இருக்கு பெரியம்மா! மேலதான் இருக்கு!"

அந்தச் சொல்லை நீ மறந்துவிட்டாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவள் சிரித்த சிரிப்பை வண்டியிலிருந்து நீ பார்த்திருப்பாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உன் அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "ஏன் உனக்கு இப்படி வேர்க்குது?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "கல்கத்தாவுல ஒரு மாசம் தங்குவாங்க. சிங்கப்பூர்ல நல்ல ஸ்வெட்டரா ஒண்ணு வாங்கி அனுப்பிடுவோம். பையன் அதப் போட்டுக்கிட்டுப் போறான். அந்தம்மா நல்லா இருந்துச்சான்னு கேட்டா நல்லா இருந்துச்சுன்னு சொல்லு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை செல்லாயி விறகோடு வந்தாள். "தம்பி கம்பளியப் பாத்துட்டு என்னம்மா சொல்லுச்சு?" என்று கேட்டாள். நல்லா இருக்குன்னான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீ மலையில் மழை தொடங்கும்போது பையைத் திறக்கும் காட்சிதான் கண்ணில் வந்தது. மேலே கை விடுகிறாய். கையில் பட்டுக்கரை வேட்டி வருகிறது. பிறகு ஒவ்வொன்றாய் எடுத்து வெளியே போட்டுத் தேடுகிறாய், அடி வரை. அம்மா வைத்தேன் என்று சொன்னாளே, எங்கோ இருக்கும் என்று தேடுகிறாய். கொட்டகைக்குப் போய் அதை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். "என்னம்மா பண்ணினீங்க?"

"கொதிக்க வச்சேன்."

"கொதிக்கவா? கம்பளியவா?" வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள், தோள் குலுங்கச் சிரித்தாள். "அய்யோ கிராணியம்மா, இட்டிலியா அது, அவிக்கிறதுக்கு? கண்டிச் சீமையில கேட்டா ஊரே சிரிக்கும்!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு மெதுவாக, "அழுக்கா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

நான் கம்பளியின் சுருண்ட முனையை நீவிவிட்டேன். அவளே, "ரெண்டு நாளு வெயில்ல போட்டுத்தான் எடுத்தாந்தேன்" என்றாள்.

அதைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். "கத்திரி இருந்தா எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தோட்டத்தில் இருக்கிறேன். அன்றுதான் லயத்து வீடு ஒன்றுக்குள் போனேன். ஒரே அறை. மூலையில் ஒரு தகரப் பெட்டி திறந்து கிடந்தது. கம்பளி இருந்த இடம் இன்னும் பள்ளமாக இருந்தது. குளிரே இல்லாத ஊரில் ஏன் இதை இத்தனை வருஷம் வைத்திருந்தாய் என்று கேட்டேன். "நாங்க என்னைக்கு எந்தத் தோட்டத்துக்குப் போவோம்னு யாரு கண்டா? எந்தச் சீமைக்கு அனுப்புனாலும் எடுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும்ல" என்றாள். சுந்தரம், பத்து நாள் பை அடுக்கிய நான் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு புடவை, ஒரு தண்ணீர்ப் போணி, ஒரு சீப்பு, மடித்த காகிதம் ஒன்று. அவ்வளவுதான். அதில் கெட்டியான ஒரே பொருளை எடுத்து உனக்குக் கொடுத்திருந்தாள்.

அவள் முனையில் ஒரு விரல் நீளம் வெட்டிப் பார்த்தாள். "நூல் பிரியல, பாருங்க. இறுகிப்போச்சு. நெஞ்சுக்கும் முதுகுக்கும் சட்டையா வெட்டலாம். காத்து புகாது." இதில் நான் ஆறுதல் தேடிக்கொள்ளப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "ஆனா மழைக்குப் போத்திக்க இனிமே ஆவாதும்மா. அது போனது போனதுதான்" என்றாள். ஆகவே மழைக்கு எண்ணெய்த் துணி ஒன்றும் இதோடு வைத்திருக்கிறேன். அது கம்பளிக்கு ஈடாகாது.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தைத்தோம். அவள் அளவு சொன்னாள். உன் தோள் அகலம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நடுவில் எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்றேன். அத்தனைக்குப் பிறகும் அப்படித்தான் சொன்னேன். நினைத்துச் சொல்லவில்லை, நாக்கு தானாகச் சொன்னது. அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வேலை அன்று முடியவில்லை. மறுநாளும் போனேன். அன்று அவள் கேட்கவில்லை. நான் காத்திருந்தேன். கழுத்துப் பட்டி தைத்து முடித்தோம், பாதத் துண்டுகளுக்கு ஓரம் அடித்தோம், பொத்தான் வைத்தோம். அவள் கேட்கவே இல்லை. கடைசியில் நானே, "செல்லாயி, கொஞ்சம் தேத்தண்ணி இருக்கா?" என்றேன்.

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "அடுப்பு அணைஞ்சிருச்சும்மா" என்றாள்.

அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். நான் கத்திரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உனக்கு நிறையப் புத்திமதி எழுத வேண்டும் என்று பட்டியல் வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பட்டுக்கரை வேட்டியைக் கல்கத்தாவிலேயே யாருக்காவது கொடுத்துவிடு. ஊறுகாய் பாட்டில் கசிந்திருக்கும். அதையும் தூக்கிப் போடு. இரண்டிலும் எடை குறையும். சட்டையை மேலே வை, உண்மையிலேயே மேலே. செல்லாயிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக்காட்ட என்னைத்தான் கூப்பிடுவாள் என்று நினைக்காதே. கூப்பிட மாட்டாள், சுருட்டுக்கடைக்காரரிடம் போவாள். ஆகவே என்னைப் பற்றி நீ என்ன எழுத வேண்டுமோ அதையும் எழுது. உறையின் மேல் அவளை நீ எப்படிக் கூப்பிட்டாயோ அப்படியே எழுது.

நான் நாளைக்கும் போவேன். தைக்க ஒன்றும் இல்லை. சும்மா போவேன்.

ஒன்று மட்டும் நீ எனக்காகச் செய்ய வேண்டும். இரண்டு நாள் அந்த அறையில் அடுப்போரம் கிடந்ததில் சட்டையில் பழைய வாடை திரும்ப ஏறியிருக்கிறது. புகையும் வேப்பெண்ணெயும். பொட்டலம் கட்டும்போது என் கை அதை எடுத்துக்கொண்டு கிணற்றடி வரை போய்விட்டது. அங்கிருந்து திரும்பி வந்து கட்டினேன். நீ அதைத் துவைக்காதே.

உன் அம்மா